பைபிள்ல வர்ற பேர் பட்டியலைத் தாண்டிப் போகாம படிக்கிறது எப்படி: கோத்திரங்களும் கர்த்தரோட உண்மையும்

1 நாளாகமம் 7-ம் அதிகாரம் 13-ம் வசனத்தை எடுங்க. நப்தலி கோத்திரம், யாக்கோபோட மகன்கள் வழி வந்த 12 கோத்திரங்கள்ல ஒண்ணு. மொத்தமே ஒரு வசனம், நாலு பேர், அவங்க யாக்கோபோட மறுமனையாட்டி பில்காள் வழி வந்தவங்கன்னு ஒரு வார்த்தை, அதோட முடிஞ்சுது. யாரும் அண்டர்லைன் பண்ணி நான் பார்த்ததில்ல.

ஆனா இது எப்ப எழுதினதுன்னு யோசிச்சுப் பாருங்க. அசீரியா ராஜா திகிலாத்பிலேசர் வந்து நப்தலி தேசம் முழுக்கப் பிடிச்சு ஜனங்களைச் சிறையா கொண்டுபோனான்னு 2 இராஜாக்கள் 15:29 சொல்லுது, அது கி.மு. 732 வாக்குல நடந்தது. நாளாகமம் எழுதினது அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி, யூதா ஜனங்களும் பாபிலோனுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு, ஏறக்குறைய 300 வருஷம் கழிச்சுன்னு வச்சுக்கலாம். நப்தலிக்கு அப்போ தனியா தேசமும் இல்ல, எல்லையும் இல்ல, தலைவனும் இல்ல. அப்படியும் எழுதினவர் அந்த நாலு பேரையும் எழுதுறார், அதுவும் ஆதியாகமம் 46:24-ல யாக்கோபோட எகிப்துக்குப் போன லிஸ்ட்ல இருக்கிற அதே நாலு பேரை. அவரைப் பொறுத்தவரை நப்தலி இன்னும் கர்த்தரோட கணக்குலதான் இருக்கு, இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிச்சா பேர் பட்டியலா வர்ற 1 நாளாகமத்தோட முதல் 9 அதிகாரமும் வேற மாதிரி தெரியும்.

நானும் வருஷா வருஷம் இந்த அதிகாரங்களை ஒரே மூச்சுல ஓட்டிட்டு தாவீது கதைக்குப் போயிடுவேன், பல வருஷம் அப்படித்தான் போச்சு. கொஞ்சம் கொஞ்சமா மெதுவா படிக்கப் பழகின பிறகு எனக்குக் கைகொடுத்த வழிகளைத்தான் இங்க எழுதுறேன். ஒரு நோட்டு, பென்சில், ஓரத்துல ஒத்துவாக்கியம் (அதே விஷயம் வர்ற வேற வசனங்களோட குறிப்பு) போட்ட பைபிள், கோத்திரங்களோட எல்லை போட்ட ஒரு மேப், இவ்வளவு போதும்.

முதல் வேலை, யார் எப்ப யாருக்காக எழுதினாங்கன்னு கேளுங்க

பைபிள்ல வம்சவரலாறு எல்லாம் ஒரே வேலைக்காக எழுதினது இல்ல. எண்ணாகமத்துல வர்றது யுத்தத்துக்குப் போகக்கூடிய 20 வயசுக்கு மேற்பட்ட ஆம்பளைங்க கணக்கு, கூடவே தேசத்தைப் பங்கு போடவும் அதுதான் அடிப்படை. எஸ்றா 2-ம் நெகேமியா 7-ம் திரும்பி வந்தவங்க பதிவேடு, மொத்தம் 42,360 பேர்னு கணக்கு இருக்கு, அங்க தங்களோட வம்ச அட்டவணையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஆசாரியர் குடும்பங்களை ஆசாரிய ஊழியத்துல இருந்தே விலக்கி வச்சாங்க (எஸ்றா 2:62). பேர் இருந்தா காணி உண்டு, ஊழியம் உண்டு, இல்லாட்டி இல்ல, அவங்களுக்கு இது அவ்வளவு பெரிய விஷயம்.

நாளாகமத்து லிஸ்ட் இன்னும் ஒரு படி மேல. திரும்பி வந்தவங்கள்ல பெரும்பாலும் யூதா, பென்யமீன், லேவி ஆளுங்கதான். கோயில் கட்டினாங்க, ஆனா தாவீது சிங்காசனம் காலியா கிடக்கு, மேல பெர்சியா ராஜா ஆளுறான். நாம இன்னும் இஸ்ரவேல்தானா, அந்த வாக்குத்தத்தம் எல்லாம் நமக்குத்தானான்னு கேக்குற ஜனத்துக்கு முன்னாடி நாளாகமம் எழுதினவர் ஆதாம், சேத், ஏனோஸ்னு ஆரம்பிச்சு ஆபிரகாம் வழியா, யாக்கோபு வழியா, கோத்திரம் கோத்திரமா வந்து 9-ம் அதிகாரத்துல இப்போ எருசலேம்ல குடியிருக்கிறவங்க பேர்ல கொண்டுவந்து நிறுத்துறார். அந்த 9:3-ல யூதா, பென்யமீன் புத்திரரோட எப்பிராயீம், மனாசே புத்திரரும் எருசலேம்ல குடியிருந்தாங்கன்னு இருக்கு, இது வட தேசத்துக் கோத்திரம், கவனிச்சீங்களா? எஸ்றா 6:17-லயும் கோயில் பிரதிஷ்டைல இஸ்ரவேல் கோத்திரங்களோட எண்ணிக்கைக்குத் தக்கபடி 12 கடாக்களைப் பலியிட்டாங்க. திரும்பி வந்தது கொஞ்சம் பேர், பலி 12 கோத்திரத்துக்கும்.

ரெண்டு லிஸ்டைப் பக்கத்துல பக்கத்துல வைங்க

ஒரு லிஸ்டைத் தனியா படிச்சா அது வெறும் பேருதான். அதே குடும்பத்தோட இன்னொரு லிஸ்டைப் பக்கத்துல வச்சாதான் நடுவுல என்ன நடந்ததுன்னு தெரியும். இதுக்கு எண்ணாகமம் 1-ம் 26-ம்தான் நல்ல பயிற்சி. நோட்டுல மூணு காலம் போட்டு கோத்திரம், முதல் எண்ணிக்கை, ரெண்டாவது எண்ணிக்கைன்னு நீங்களே கையால எழுதுங்க, ஆப்ல பார்த்தா கண்ணு தாண்டிப் போயிடும்.

முதல் மொத்தம் 6,03,550. ரெண்டாவது மொத்தம் 6,01,730. வித்தியாசம் 1,820 பேர்தான். இதுக்கு நடுவுல ஏறக்குறைய 40 வருஷ வனாந்தரம், முதல் தடவை எண்ணப்பட்ட அந்தத் தலைமுறைல காலேபும் யோசுவாவும் தவிர ஒருத்தரும் மிச்சமில்லன்னு 26:65 சொல்லுது. கீழ்ப்படியாமைக்கு வந்த நியாயத்தீர்ப்பு நிஜம், ஒரு தலைமுறை மொத்தமா மண்ணுக்குள்ள போச்சு, ஆனா ஆபிரகாமுக்குச் சொன்ன சந்ததி குறையல. இந்த ரெண்டும் ஒரே லிஸ்ட்ல நிக்குது.

கோத்திரம் கோத்திரமா பார்த்தா இன்னும் நிறைய இருக்கு. மனாசே 32,200-ல இருந்து 52,700 ஆச்சு. தாண் பாருங்க, ஆதியாகமம் 46:23-ல தாணுக்கு ஒரே மகன், அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி பென்யமீனோட பிள்ளைங்கன்னு வரிசையா 10 பேர் இருக்கும் (46:21), ஆனா எண்ணாகமம் 26-ல தாண் 64,400, பென்யமீன் 45,600. எகிப்துக்குப் போனப்ப மொத்தமே 70 பேர் (ஆதியாகமம் 46:27). ஒத்தை மகன் இருந்த வீடு யூதாவுக்கு அடுத்த பெரிய கோத்திரமா நிக்குது.

அடுத்தது சிமியோன். 59,300 இருந்தது 22,200 ஆயிடுச்சு, 37,100 பேர் குறைஞ்சிருக்காங்க, வேற எந்தக் கோத்திரமும் இப்படி விழல. முந்தின அதிகாரத்தைத் திருப்புங்க, எண்ணாகமம் 25-ல ஜனங்க பாகால்பேயோர்ங்கிற அந்நிய தெய்வத்தைப் பின்பற்றின விஷயம், வாதையில 24,000 பேர் செத்தாங்க, அங்க பினெகாஸ்ங்கிற ஆசாரியன் ஈட்டியால குத்தின சிம்ரி யாருன்னு பார்த்தா சிமியோன் கோத்திரத்துப் பிரபு. எண்ணிக்கை குறைஞ்சதுக்கு இதுதான் காரணம்னு வசனம் நேரடியா சொல்லல, அதனால நாமளும் அடிச்சுச் சொல்ல வேண்டாம், ஆனா இந்த ரெண்டு அதிகாரமும் ஒட்டி ஒட்டி இருக்குறதைப் பார்க்காம போகவும் முடியாது.

ஒரே சாபம், ரெண்டு கோத்திரம்

சிமியோனை விட்டு உடனே நகர்ந்துடாதீங்க, எனக்கு இந்தப் பட்டியல்கள்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆதியாகமம் 49-ல யாக்கோபு சாகப்போற நேரத்துல சிமியோனையும் லேவியையும் சேர்த்து ஒரே வார்த்தையைச் சொல்றார், சீகேம்ல அவங்க பண்ணின கொலைக்காக: "யாக்கோபிலே அவர்களைப் பிரியவும், இஸ்ரவேலிலே அவர்களைச் சிதறவும் பண்ணுவேன்." ரெண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு. இப்ப ரெண்டு கோத்திரத்தையும் தனித்தனியா ஃபாலோ பண்ணுங்க.

லேவி யாத்திராகமம் 32-ல பொன் கன்றுக்குட்டி சமயத்துல கர்த்தர் பக்கம் வந்து நிக்குது. அதுக்கப்புறமும் சிதறத்தான் செஞ்சாங்க, வார்த்தை மாறல, அவங்களுக்குன்னு சேர்ந்தாப்ல ஒரு எல்லை கிடைக்கவே இல்ல, ஆனா எப்படிச் சிதறினாங்கன்னு பாருங்க, யோசுவா 21-ல 48 பட்டணம், எல்லாக் கோத்திரத்துக்கு நடுவுலயும், ஜனங்களுக்கு வேதத்தைச் சொல்லிக்குடுக்க ஒவ்வொரு மூலைலயும் ஒரு லேவியன். 1 நாளாகமம் 6-ம் அதிகாரம் 81 வசனம் முழுக்க லேவிக்குத்தான், அந்தப் பட்டணங்களோட பேர் உட்பட. சாபமா வந்த சிதறல்தான் அவங்க ஊழியத்துக்கே வழியாச்சு.

சிமியோனும் சிதறினான். யோசுவா 19-ல யூதாவுக்கு விழுந்த பங்கு ரொம்ப அதிகமா இருந்ததால அதுக்குள்ளயே சிமியோனுக்கு இடம் கொடுத்தாங்க. உபாகமம் 33-ல மோசே ஒவ்வொரு கோத்திரமா ஆசீர்வதிக்கும்போது சிமியோன் பேரே வரல. சரி, இதோட கதை முடிஞ்சுதுன்னுதான் நினைப்போம். ஆனா 1 நாளாகமம் 4:24-ல இருந்து வாசிங்க. எசேக்கியா ராஜா காலத்துல சிமியோன் ஆளுங்க மேய்ச்சல் தேடிப் போய் செழிப்பான நல்ல இடத்தைக் கண்டுபிடிச்சாங்க, அதுல 500 பேர் சேயீர் மலைக்குப் போய் தப்பியிருந்த அமலேக்கியரை முறியடிச்சு அங்கேயே குடியிருந்தாங்கன்னு பேர் பேரா எழுதியிருக்கு. கடைசியா வெளிப்படுத்தின விசேஷம் 7:7-க்குப் போங்க, சிமியோன் கோத்திரத்துல முத்திரை போடப்பட்டவங்க 12,000. சுருங்கிப்போன கோத்திரத்துக்கும் யூதாவுக்கும் அங்க ஒரே எண்ணிக்கைதான். அந்த லிஸ்டை முதல் தடவை சிமியோனுக்காகப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பட்டியல் நடுவுல கதை வந்தா அங்கேயே உட்காருங்க

குமாரன், குமாரன், குமாரன்னு போயிட்டிருக்கும்போது திடீர்னு ஒரு வரி நீளமா வரும். எழுதினவர் அங்க வேணும்னே நிக்குறார், நீங்களும் நில்லுங்க. யாபேஸ் ஜெபத்தை (1 நாளாகமம் 4:10) எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க, அதனால அதை விட்டுட்டு மத்ததைச் சொல்றேன்.

1 நாளாகமம் 5:20-ல ரூபன், காத், மனாசேயில பாதி கோத்திரம், மூணும் சேர்ந்து சண்டைக்கு நடுவுல தேவனை நோக்கிக் கூப்பிட்டாங்க, அவரை நம்பினதால அவர் கேட்டார்னு இருக்கு. அஞ்சே வசனம் தள்ளி அதே ஆளுங்க வேற தெய்வங்களைப் பின்பற்றிப் போனாங்க, அசீரியா ராஜா கொண்டுபோனான்னும் இருக்கு. கர்த்தரோட உண்மைன்னா எது செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல, இதை மறைச்சுட்டு ஆறுதல் மட்டும் எடுக்காதீங்க.

7:21-ல எப்பிராயீமோட பிள்ளைங்களைக் காத்தூர் மனுஷர் கொன்னுபோட்டாங்க. அப்பா அநேக நாள் துக்கம் கொண்டாடுறார், சகோதரர் ஆறுதல் சொல்ல வர்றாங்க. அப்புறம் இன்னொரு மகன் பிறக்குறான், வீட்டுக்குத் தீங்கு வந்த நேரம்னு சொல்லி பெரீயான்னு பேர் வைக்கிறார். அந்த வம்சத்துல ஒரு பொண்ணு மேல் பெத்தொரோனையும் கீழ் பெத்தொரோனையும் கட்டினாள்னு ஒரு வரி. இன்னும் ரெண்டு மூணு வசனம் போனா அந்தக் கோத்திர வரிசை நூனுக்கும் அவர் மகன் யோசுவாவுக்கும் வந்து சேருது! யோசுவா 10-ல எமோரிய ராஜாக்களைத் துரத்திக்கிட்டுப் போன வழி எதுன்னு பாருங்க, பெத்தொரோன் இறக்கம். இழவு வீடுன்னு நினைச்ச இடத்துல இருந்து தேசத்தைச் சுதந்தரிக்கக் கொடுத்தவர் வர்றார்.

பொண்ணுங்க பேர் வந்தா கண்டிப்பா குறிச்சு வைங்க, பெரும்பாலும் அங்க ஏதோ ஒண்ணு இருக்கும். எண்ணாகமம் 26:33-ல செலோப்பியாத்துக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்னு அஞ்சு பொண்ணுங்க. 27-ம் அதிகாரத்துல அவங்க மோசே முன்னாடி வந்து, மகன் இல்லன்னா எங்க அப்பா பேர் வம்சத்துல இருந்து அத்துப்போகணுமான்னு கேக்குறாங்க, கர்த்தர் அவங்க சொல்றது சரிதான்னு சொல்லி சட்டமே கொடுக்குறார், யோசுவா 17-ல காணியும் கிடைச்சுது. இதுக்கு மேல ஒண்ணு உண்டு. 1910-ல சமாரியாவைத் தோண்டினப்ப எழுத்து எழுதின ஓட்டுச் சில்லுங்க கிடைச்சுது, கி.மு. 8-ம் நூற்றாண்டு, திராட்சரசமும் எண்ணெயும் எந்தப் பகுதில இருந்து வந்ததுங்கிற கணக்கு. அதுல மனாசே எல்லைக்குள்ள இருக்கிற பகுதிகளோட பேரா அபியேசர், சேகேம், செமீதான்னு எண்ணாகமத்து வம்சப் பேருங்க வருது, அதோட நோவாள், ஒக்லாள் பேரும் வருது. எங்க அப்பா பேர் அழியக்கூடாதுன்னு கேட்ட பொண்ணுங்கள்ல ரெண்டு பேரோட பேர் பல நூற்றாண்டு கழிச்சும் அந்த மண்ணுக்கே பேரா நின்னுருக்கு.

இந்த ஆள் இங்க எப்படி வந்தார்னு கேளுங்க

பட்டியல்ல இருக்கவே கூடாத ஆளைத் தேடுங்க. கோராகு மோசேக்கு விரோதமா எழும்பி பூமி வாயைத் திறந்து விழுங்கினது எல்லாருக்கும் தெரியும். எண்ணாகமம் 26:11-ல ஒரே ஒரு சின்ன வசனம், "கோராகின் குமாரரோ சாகவில்லை." சும்மா ஒரு குறிப்பு மாதிரிதான் இருக்கும். ஆனா 1 நாளாகமம் 6:33-ல இருந்து ஏமான்ங்கிற பாடகரோட வம்சத்தை ஒவ்வொரு படியா மேல ஏறிப் பாருங்க, சாமுவேல் தீர்க்கதரிசி வர்றார், இன்னும் மேல போனா கோராகு. கலகக்காரனோட வீட்டுல இருந்து சாமுவேல், ஆலயத்துப் பாடகர், 42, 84 மாதிரி சங்கீதம் பாடின கோராகின் புத்திரர். அந்த சின்ன வசனம் இல்லாட்டி இவங்க யாருமே இல்ல.

பென்யமீனும் அப்படித்தான். நியாயாதிபதிகள் 20-ல அந்தக் கோத்திரமே அழிஞ்சு ரிம்மோன் கன்மலைல 600 ஆம்பளைங்க மட்டும் மிச்சம், இஸ்ரவேல்ல இருந்து ஒரு கோத்திரம் அத்துப்போச்சேன்னு ஜனம் அழுதாங்க. அந்த 600-ல இருந்து சவுல் வந்தார், மொர்தெகாய் வந்தார், நான் பென்யமீன் கோத்திரத்தான்னு ரோமர் 11:1-ல பவுல் எழுதுறார், அதையும் தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிடலங்கிறதுக்கு ஆதாரமாத்தான் எழுதுறார்.

யூதா வரிசைல எகொனியா ராஜா, யோயாக்கீன்னும் அவனுக்குப் பேர் உண்டு. எரேமியா 22-ல கர்த்தர் சொல்றார், நீ என் வலது கையில முத்திரை மோதிரமா இருந்தாலும் கழட்டி எறிவேன், இவனைச் சந்தானமில்லாதவன்னு எழுதுங்கன்னு. அவன் பாபிலோனுக்குப் போனான். பாபிலோன்ல தோண்டினப்ப கிடைச்ச களிமண் பலகைல யூதா ராஜா யோயாக்கீனுக்கும் அவரோட 5 பிள்ளைங்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கு, கி.மு. 592 வாக்குல உள்ளது. அப்போ பிள்ளைங்க இருந்தாங்க, 1 நாளாகமம் 3:17-ம் அதைத்தான் வரிசையா எழுதுது, எரேமியா சொன்னது சிங்காசனத்தைப் பத்தி, அவன் சந்ததில யாரும் அதுல உட்காரலங்கிறதும் உண்மை. ஆனா அவனுக்குப் பேரனா செருபாபேல் வர்றார், ஆகாய் 2:23-ல கர்த்தர் அவரைப் பார்த்து உன்னை முத்திரை மோதிரமா வைப்பேன்னு சொல்றார். கழட்டி எறிஞ்ச அதே மோதிரம்! மத்தேயு 1:12-ல எகொனியாவும் இருக்கார், செருபாபேலும் இருக்கார். அதே லிஸ்ட்ல தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி நாலு பேரும் இருக்காங்க, அதைப் பத்தி நிறையப் பேர் பேசிட்டாங்க.

சில இடத்துல ஜாக்கிரதை

குமாரன்னு இருந்தா எப்பவும் நேர் மகன்னு எடுக்காதீங்க, பேரனா கொள்ளுப்பேரனா கூட இருக்கலாம். மத்தேயு யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவுல மூணு ராஜாக்களை விட்டுட்டுத்தான் 14, 14, 14ன்னு அடுக்குறார். அதனால வருஷத்தைக் கூட்டிக் கணக்குப் போட இந்த லிஸ்டுங்க சரிவராது. செருபாபேல் அப்பா யாருன்னு கேட்டா 1 நாளாகமம் 3:19 பெதாயான்னும் எஸ்றா 3:2 சலாத்தியேல்னும் சொல்லும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், நோட்டுல எழுதி வைங்க.

ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் தேடி அதையெல்லாம் கோர்த்து ரகசியச் செய்தி கண்டுபிடிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். இன்னைக்கு இருக்கிற ஏதோ ஒரு ஜனத்தைக் காட்டி இவங்கதான் காணாமப்போன கோத்திரம்னு சொல்றதும் வேண்டாம். விட்டுப்போன பேர்களுக்கும் அவசரமா காரணம் கட்டாதீங்க. வெளிப்படுத்தின விசேஷம் 7-ல தாண் இல்ல, உடனே தாண் தள்ளப்பட்டுச்சுன்னு பிரசங்கம் பண்ணிடுவாங்க, ஆனா எசேக்கியேல் 48:1-ல தேசப் பங்குல முதல் பேரே தாண்தான். 1 நாளாகமம் 27-ல காத்தும் ஆசேரும் இல்ல, அதுக்காக அவங்க தள்ளப்பட்டாங்கன்னு யாரும் சொல்றதில்லையே.

ஆரம்பிக்க ஆசேரை எடுங்க

யூதாவோ லேவியோ வேண்டாம், பக்கம் பக்கமா போகும், ஒரே நாள்ல அலுத்துடுவீங்க. ஆசேர் அளவான கோத்திரம், ஒரு சாயங்காலத்துல முடிச்சுடலாம். ஆதியாகமம் 30:13-ல லேயாள் சந்தோஷத்துல வச்ச பேர், 49:20-ல யாக்கோபோட ஆசீர்வாதம், எண்ணாகமத்துல 41,500 இருந்தவங்க 53,400 ஆனது, இதெல்லாம் முதல்ல எழுதுங்க. அடுத்தது நியாயாதிபதிகள் 1:31, கானானியரைத் துரத்தாம அவங்களோடயே குடியிருந்துட்டாங்க, 5:17-ல தெபோராள் பாட்டுல சண்டைக்கு வராம கடற்கரைல தங்கிட்டாங்கன்னு குறை. அதையும் எழுதுங்க, நல்லதை மட்டும் பொறுக்காதீங்க. 1 நாளாகமம் 12:36-ல தாவீதை ராஜாவாக்க 40,000 பேர் வந்தாங்க.

அப்புறம் அசீரியா. இங்க நோட்டுல ஒரு கோடு போடுங்க, வட ராஜ்யம் போச்சு.

கோட்டுக்குக் கீழ 2 நாளாகமம் 30. எசேக்கியா பஸ்காவுக்கு வாங்கன்னு வடக்கே ஆள் அனுப்புறார், ஜனங்க அந்த ஆளுங்களைப் பரியாசம் பண்ணிச் சிரிக்கிறாங்க, ஆனா 11-ம் வசனத்துல ஆசேர்லயும் மனாசேயிலயும் செபுலோன்லயும் சிலர் மனத்தாழ்மையா எருசலேமுக்கு வந்தாங்கன்னு இருக்கு. அந்த "சிலர்" யாரு எவருன்னு பேர் இல்ல.

அதுக்குக் கீழ ஒரு 700 வருஷத்துக்கு வெத்து இடம் விட்டுட்டு லூக்கா 2:36 எழுதுங்க. எருசலேம் தேவாலயத்துல ராத்திரி பகலா உபவாசத்துலயும் ஜெபத்துலயும் ஒரு வயசான விதவை, 84 வருஷம்னு வசனம் சொல்லுது, பேர் அன்னாள், பானுவேல் மகள். கோத்திரம் என்னன்னும் லூக்கா மறக்காம எழுதியிருக்கார், ஆசேர். மரியாளும் யோசேப்பும் குழந்தையைத் தூக்கிட்டு உள்ள வர்ற அந்த நேரத்துல அவங்க அங்க நிக்குறாங்க.